அறிவழகனின் மூச்சிரைப்பு

மேட்டுக்காலனியில் ஓடுகிறவருக்கு மூச்சிரைப்பதில்லை. அவர் புறப்படும்போது “போயிட்டு வாங்க” என்று யார் விடை கொடுக்கிறாரோ, அவருக்குத்தான் இரைக்கும். இரைத்துக்கொண்டு ஓடுவது மைதானத்துக்கு மரியாதை இல்லை என்பதால், விடை பெறாமல் எந்த ஓட்டக்காரனும் வாசற்படி தாண்டுவதில்லை. பந்தயத்திலும் யார் முன்னால் வந்தார் என்று பார்க்கமாட்டார்கள். யாருக்கு இரைக்கவில்லை என்று பார்த்துத்தான் பரிசு.

வேதவல்லியின் கணவன் அறிவழகன் காலனியின் பேர்போன ஓட்டக்காரன். அவன் மைதானத்தைச் சுற்றும் நேரத்தில் அவள் வானொலி நிலையத்தில் காலைச் செய்தி வாசித்துக்கொண்டிருப்பாள். முந்தின இரவு அவன் பரோட்டாவை ஒரு கை பார்த்திருந்தால், முதல் அமைச்சரின் பெயரைத் தாண்டுவதற்குள் அவளுக்கு நெஞ்சை அடைக்கும். வெயில் ஏறிய நாட்களில் வானிலை அறிக்கை வருமுன்பே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவரோ துரை மாதிரி திரும்பி வந்து, ஒரு துளி வியர்வை படாத பனியனைக் கொடியில் போட்டுவிட்டு, உபதேசம் வேறு செய்வார்.

“கஷ்டம்னு நினைச்சாத்தான் கஷ்டம், வேதா. எல்லாம் மனசுதான்.”

நோகாமல் நுங்கு தின்கிறவனுக்கு மனசைப் பற்றிப் பேச என்ன வலிக்கிறது? வேதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும். திருப்பிக் கேட்கத்தான் மூச்சு மிச்சமிருக்காது.

அவள் வேலையை நிரந்தரமாக்குவதற்கான குரல் தேர்வு வந்தது. அதே காலையில் காலனியின் பெரிய பந்தயம். வாசிப்பில் ஒருமுறை இரைத்தாலும் இருக்கிற வேலையும் போய்விடும் என்று நிலைய இயக்குநர் சொல்லியிருந்தார்.

“இன்னிக்கு ஒருநாள் உங்க மூச்சை நீங்களே வச்சுக்குங்க,” என்றாள்.

“பந்தயத்துல இரைச்சுக்கிட்டு ஓடச் சொல்றியா? மானம் போயிடும்டி,” என்றவன் வாசற்படியில் நின்றான். “போயிட்டு வரேன்.”

அவள் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சலாகச் சொல்லிப் பார்த்தான், அதட்டிச் சொல்லிப் பார்த்தான். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“போயிட்டு வரேங்க.”

“போயிட்டு வா,” என்றான், பழக்கதோஷத்தில்.

அந்த இழுபறியில் பேருந்து போய்விட்டிருந்தது. வேதவல்லி ஓடினாள். நிலையம் வரைக்கும் ஓடி, போன சூட்டில் எட்டுப் பக்கம் வாசித்தாள். ஒரு கமாவில்கூடத் தடுக்கவில்லை. அந்நேரம் அறிவழகன் வாசற்படியில் குந்தி, துருத்தி மாதிரி இரைத்துக்கொண்டிருந்தான்.

வேலை உத்தரவோடு அவள் ஓடியே திரும்பினாள். காலையில் அவள் ஓடியதைப் பார்த்த மற்ற பெண்களும் அன்று விடை கொடுக்க வாயைத் திறக்காததால், மைதானத்துக்கு ஒருவரும் வந்திருக்கவில்லை. பந்தயத்தைத் தள்ளிவைக்க மனமில்லாத குழுவினர், முடிவுக்கோட்டு நாடாவைப் பேர்போன ஓட்டக்காரன் வீட்டு வாசலிலேயே கட்டியிருந்தார்கள். வேதவல்லி அதை அறுத்துக்கொண்டு உள்ளே போனாள். செயலாளர் பின்னாலேயே சென்று, அவள் மூக்கருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்.

இரண்டாம் பரிசு எதிர்வீட்டு முருங்கைமரத்துக்குக் கிடைத்தது. அறிவழகன் இரைத்தபடியே தெருவைக் கடந்து போய், அதனுடன் கைகுலுக்கிவிட்டு வந்தான்.