கொத்து வாங்கும் பதவி

மரக்கடைக்காரர் வீட்டு மூத்த மாப்பிள்ளைக்கு இரண்டு உத்தியோகம். கடையில் பலகை அளப்பது, வீட்டில் பேச்சு வாங்குவது. வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சும்மாவா? அவர் தும்மினால், "தின்ன சோறு செரிக்குது போல" என்பார் மாமியார். உடனே மாமனார் சிரிப்பார், மனைவி சிரிப்பாள், கொழுந்தியாள் சிரித்துப் புரையேறி, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவரவும் மாப்பிள்ளைதான் ஓட வேண்டும்.

கட்டைகள் களவு போகின்றன என்று மாமனார் ஒரு டஜன் கின்னிக்கோழிகளை வாங்கி வந்தார். "புழு பூச்சியைத் தின்னுட்டுக் காவல் காக்குமாம் மாப்பிள்ளை. நீங்களும்தான் இருக்கீங்க, சோத்தைத் தின்னுட்டு!"

கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் மாப்பிள்ளை தலையில் விழுந்தது. கோழிகளுக்குப் புள்ளிச் சட்டை, மொட்டைத் தலை, கடுகளவு மூளை. திருடனுக்கு மட்டுமா கத்தின? காயப்போட்ட போர்வைக்குக் கத்தின, லாரிக் கண்ணாடியில் தெரிந்த தங்கள் மூஞ்சிக்கே கத்தின. அந்தக் கூச்சலில் தெருமுனைச் செவிட்டுக் கிழவருக்குக் காது திறந்துகொண்டது. கேட்டுப் பார்த்துவிட்டு அவரே மறுபடி மூடிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒன்று நொண்டி. மற்றதெல்லாம் முறை வைத்து அதன் பிடரியைக் கொத்தின. மாப்பிள்ளை தினமும் மருந்து தடவி, "நீயும் நானும் ஒரே கட்சி" என்று கண்கலங்குவார்.

ஒருநாள் பலகை வாங்க வந்தவர் ஒரு புதுக் கோழியைக் கொடுத்துவிட்டுப் போனார். தரையில் விட்டதுதான் தாமதம், மொத்தப் படையும் அதன்மேல் பாய்ந்தது. முன்னால் போனது யார்? நொண்டி! ஒற்றைக் காலில் எகிறி எகிறி அது கொத்திய அழகைப் பார்த்து, மாப்பிள்ளை மரக்குவியல் மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். ஞானம் பிறந்துவிட்டது. அடி வாங்குகிறவனுக்கு விடிவு, அடுத்தவன் வரவு!

சாயங்காலமே மாமனாரிடம் போனார். "மாமா, சின்னவளுக்கும் வீட்டோட ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துடுவோமே."

வலை வீசித் தேடிப் பிடித்தார் ஒரு கடிகார ரிப்பேர்க்காரரை. சோடாபுட்டிக் கண்ணாடி, பெண்பிள்ளைக் கூச்சம், மரத்தூள் பட்டால் தொடர்தும்மல். இதைவிட இளித்தவாயன் ஏழு ஊரில் கிடைக்காது.

கல்யாணம் முடிந்ததும் மூத்த மாப்பிள்ளைக்கு யோகம் அடித்தது. வீடே புதியவரைப் பிடுங்கியது. முதல் கொத்து எப்போதும் மூத்தவருடையது. "கடிகாரத்துக்கு நேரம் தப்பும், நம்ம சகலைக்குச் சாப்பாட்டு நேரம் தப்பாது!" மாமியார் சிரித்துக்கொண்டே இவருக்கு இரண்டாம் முறை பரிமாறினார். சரித்திரத்திலேயே முதல் தடவை! கோழிகளுக்குத் தீனி போடும் வேலையையும் சகலை தலையில் கட்டிவிட்டு, கொல்லைப் பக்கமே போகாமல் தொப்பை வளர்த்தார்.

சில வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானச் சாப்பாட்டில் மூத்தவர் சட்டையெல்லாம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார். புதியவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"ஏண்ணே, எந்நேரமும் இடுப்பில டேப்பு தொங்குது. டம்ளருக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம்னு அளந்துட்டுக் குடிக்கக் கூடாதா?"

வீடு குலுங்கியது. மாமனாருக்குக் கண்ணில் நீர். "இவ்வளவு நாளா வாயில என்னப்பா வெச்சிருந்தே?" என்று மாமியார் புதியவருக்கு அள்ளி அள்ளி வைத்தார். மூத்தவர் தட்டு காலியாகவே இருந்தது.

எழுந்து கொல்லைக்குப் போனார். அவ்வளவுதான், கோழிகள் வானம் கிழியக் கத்தின. தீனி போடும் ஆள் மாறிவிட்டாரே, இவர் யாரோ!

"யாருடா அது, திருடனா?" உள்ளிருந்து மாமியார்.

"நம்ம அண்ணன்தான் அத்தை! கோழிக்கே ஆள் தெரிஞ்சுபோச்சு!"

மறுபடி சிரிப்பு. அதில் மனைவியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது.

வேலியோரம் நொண்டி ஒடுங்கிக் கிடந்தது. பிடரியில் ஒரு இறகுகூட இல்லை. அதன்மேல் ஏறி நின்று எல்லோருக்கும் முன்னால் கொத்திக்கொண்டிருந்தது அந்தப் புதுக் கோழி. கொத்துகிற மூக்குகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருந்தது, அவ்வளவே.

மற்றவற்றை விரட்டிவிட்டு மாப்பிள்ளை நொண்டியைக் கையில் எடுத்தார். பழைய பாசத்தில் அது அவர் விரலில் தலையைச் சாய்த்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை.

அதன் மொட்டை மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்.