கேக் அடுப்பில் வெந்த போர்டுகள்

கேக் சுடும் அடுப்பில் சர்க்யூட் போர்டைச் சுடுகிறாள் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். பெனிஷாவுக்கு வராது. திருவொற்றியூரில் அப்பா தேவப்பிரியத்தின் மளிகைக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளை ஒதுக்கிக் கிடைத்த இடத்தில், வீட்டுப் பழைய அடுப்பை அவள் தன் கையாலேயே மாற்றிக் கட்டியிருந்தாள். உள்ளே இன்னொரு சூட்டுக் கம்பி, சூடு வெளியே ஓடாமலிருக்கச் சுற்றிலும் தீப்பிடிக்காத வெள்ளைப் பஞ்சு, சூட்டை அளந்து தானே கூட்டிக் குறைக்கும் ஒரு சின்ன கன்ட்ரோலர். அம்மாவுக்கு மட்டும்தான் வருத்தம். ஈயம் உருகிய அடுப்பில் இனிமேல் கிறிஸ்துமஸ் கேக் கிடையாது.

வேலை இதுதான். போர்டில் ஈயப் பசையைத் தடவி, அதன்மேல் பொடிப்பொடி சிப்புகளை இடுக்கியால் எடுத்து வைத்து, அடுப்புக்குள் தள்ள வேண்டும். மெதுவாகச் சூடேற்றி, கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு சட்டென்று ஏற்றினால் பசை உருகிச் சிப்புகளைப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுக்கு அடியில் கால்களை ஒளித்து வைத்திருக்கும் சிப்பை வேறு எப்படி ஒட்டுவது? சால்டரிங் அயர்ன் அங்கே நுழையாது.

படகின் அடித்தளத்தில் தண்ணீர் ஏறினால் கத்துகிற அலாரம் ஒன்றைக் காசிமேட்டுப் படகுக்காரர் பாலகணேஷ் கேட்டிருந்தார். மாதிரி தேறினால் அவர் சங்கத்துப் படகுகள் அத்தனைக்கும் பெனிஷாவே செய்யலாம். இத்தனை வருஷமாக அவள் ஊருக்குச் செல்போன் ரிப்பேர்க்காரி. அடுத்தவன் செய்த பொருளைத் திறந்து மூடியே அலுத்துவிட்டது. தான் செய்த பொருள் ஒன்று கடலுக்குப் போக வேண்டும். அவள் ஏங்கியது அதற்குத்தான்.

மாதிரி சுடுவதைப் பார்க்க பாலகணேஷ் நேரிலேயே வந்தார். கேக் அடுப்பைக் கண்டதும் அவர் முகம் போன போக்கே சரியில்லை. கண்ணாடிக்கு உள்ளே சாம்பல் நிறப் பசை வெள்ளியாக மின்னத் தொடங்கிய நேரம், ‘பட்’ என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘பட்’.

“இன்னாமா, பொரி வறுக்கிறியா?” என்றார்.

வெளியே எடுத்துப் பார்த்தால், சிப்புகளின் முதுகு கொப்புளமாக வீங்கி வெடித்திருந்தது.

“அண்ணாச்சி, கோச்சிக்காத,” என்று அவர் தேவப்பிரியத்திடம் திரும்பினார். “தடைக்காலம் முடியறதுக்குள்ள அலாரம் போட்ல ஏறணும். நான் அம்பத்தூர்ல எதுனா கம்பெனியாண்ட குடுத்துக்கிறேன்.”

“சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்கண்ணா,” என்றாள் பெனிஷா. “அடுப்புல கோளாறு இல்ல.”

“அப்ப வெடிச்சது இன்னா, என் காதா? சரி, சனிக்கெழம வர்றேன். அதுக்கு மேல பேஜாரு பண்ணாத.”

அவர் போன பிறகு அப்பா மெல்ல ஆரம்பித்தார். “மக்ளே, நமக்கு அந்த ரிப்பேர் வேலை போதும். எதுக்கு இந்தப் பாடு படணும்?”

அவளுக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் முட்டியது. வெடித்தது சிப்பு, பழி மட்டும் அடுப்புக்கா?

வெறும் போர்டு ஒன்றில் மூலைக்கு மூலை சூடு அளக்கும் கம்பிகளை ஒட்டி உள்ளே தள்ளினாள். சூடு அவள் சொன்னபடி ஏறியது, நின்றது, இறங்கியது. அடுப்பு யோக்கியமானதுதான். அப்புறம்தான் சந்தேகம் சிப்பின் பக்கம் போனது. சிப்புகள் வந்த பெட்டியின் அடியில் ஒரு வெள்ளி நிறக் கவர் பிரிக்காமல் கிடந்தது. அதைக் கிழித்து ஒரு சிப்பை எடுத்து வைத்துச் சுட்டாள். பசை மின்னியது, ஆறியது. சத்தமே இல்லை.

திரும்பி அலமாரியைப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். கடைக்கார வீட்டுப் பிள்ளை அல்லவா? வந்த சரக்கைக் கவரோடு வைப்பது அந்த வீட்டில் சோம்பேறித்தனம். உடனே கிழித்துப் பாட்டிலில் கொட்டிவிட வேண்டும். கை அப்படிப் பழகியிருந்தது. சிப்பு வந்த கவர்களையும் அப்படியே கிழித்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைக் குப்பையில் எறிந்து, சிப்புகளை மிட்டாய் பாட்டில்களில் கொட்டி, அழகாகப் பெயர் வேறு எழுதி ஒட்டியிருந்தாள். திருவொற்றியூர்க் கடல் காற்றுக்கு முறுக்கே தாங்காது. சிப்பு குடித்த ஈரம் சூட்டில் ஆவியாகி முதுகைப் பிளந்துவிட்டது.

“அப்பா, சிப்பு நமத்துப் போச்சுப்பா,” என்றாள்.

தேவப்பிரியத்துக்கு சர்க்யூட் தெரியாது. நமத்துப் போவது தெரியும். பாட்டிலை வாங்கி மூடியைத் திருகிப் பார்த்தார். “அப்ப உன் அடுப்பு நல்ல அடுப்புதான்,” என்றார்.

நமத்த அப்பளத்தை வெயிலில் போடுவதுபோல, சிப்புகளை எவர்சில்வர் தட்டில் பரப்பி, ஈயம் உருகாத சூட்டில், அதே அடுப்பில் ஒரு பகல் முழுக்கக் காய வைத்தாள். பழி சுமந்த அடுப்பே வைத்தியமும் பார்த்தது. சூடு கொஞ்சமும் ஏறாமல் இறங்காமல் நின்றதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கர்வமாக இருந்தது.

சனிக்கிழமை பாலகணேஷ் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பசை மின்னியது. மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஆறிய போர்டில் அவள் மின்கம்பிகளைப் பொருத்தி, தண்ணீர் ஏறுவதை அலாரத்துக்குச் சொல்லும் மிதவையை வாளித் தண்ணீரில் விட்டாள். அலாரம் அலறிய அலறலில் கடை வாசலில் சர்க்கரை வாங்க நின்ற ஓர் அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பாலகணேஷ் போர்டைக் கையில் எடுத்து, இன்ஜின் படகை உதறுவதுபோல உதறு உதறென்று உதறினார். அது கத்திக்கொண்டே இருந்தது. மிதவையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டு, சங்கத்துச் செயலாளருக்குப் போன் போட்டார்.

“முடிஞ்சிச்சுபா. ஆங், சோக்கா கீது. அத்தினி போட்டுக்கும் இங்கியே சொல்லிடலாம். அம்பத்தூர் இல்ல, திருவொத்தியூரு. இன்னாது? கம்பெனி பேரா?”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு பெனிஷாவைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள். கம்பெனி என்று எதுவும் இல்லையே.

“எம்மக பேரச் சொல்லுங்க,” என்றார் தேவப்பிரியம், கடை முழுக்கக் கேட்கும்படி. “பெனிஷா.”

“பெனிஷாவாம்பா, எழுதிக்க,” என்றார் பாலகணேஷ்.

அடக்கமாக நிற்க வேண்டும் என்றுதான் பெனிஷா பார்த்தாள். முடியவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றாள்.