பரண் கருவாடு

லூசியா கட்டா மீனின் முதுகைப் பிளந்து குடலை வாளிக்குள் வழித்துவிட்டாள். இரண்டு கைகளிலும் இரத்தமும் செதிலும் அப்பியிருந்தன. கைபேசி அடித்தபோது தம்பியின் மனைவி டிலோஜினி அதைத் தன் சேலைத் தலைப்பால் பிடித்து, ஒலியைக் கூட்டி, மீன்வெட்டும் பலகையின் ஓரத்தில் வைத்தாள்.

"லூசியா அக்காவோ? வவுனியாவில இருந்து விஜிதா ரீச்சர் கதைக்கிறன். இந்தமுறை என்ன கருவாடு அனுப்பினீங்கள்? கழுவக் கழுவ மண்தான் வருது. இவருக்குக் கடைவாய்ப் பல்லு உடைஞ்சு போச்சு."

"மண்ணோ?"

லூசியா கத்தியைக் கீழே வைத்தாள். தாழ்வுபாட்டுக் கடற்கரையில் மணலில் சாக்கு விரித்து மீன் காயவைப்பவர்கள் பலர். சங்கமாகச் சேர்ந்திருந்த இவர்கள் ஆறு பெண்களும் அப்படிச் செய்வதில்லை. இடுப்பளவு உயரத்தில் கம்பு நட்டு, அதில் வலையை இழுத்துக் கட்டிப் பரண் போட்டிருந்தார்கள். அதனால்தான் சங்கத்தின் பைக்கற்றில் 'பரண் கருவாடு' என்ற பெயர். அந்தப் பெயரைக் கொழும்பில் வணிகக் குறியாகப் பதிந்து, சான்றிதழைக் கொட்டிலில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

"ரீச்சர், போன கிழமை வவுனியாவுக்கு நாங்கள் ஒண்டும் அனுப்பேல்லையே."

"அதெப்பிடி? பழைய பைக்கற்றில அடிச்சிருக்கிற பேரைத்தானே பேஸ்புக்கில தேடினனான். உங்கட படமெல்லாம் கிடக்கு."

அழைப்பு முடிந்ததும், பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த பிரேமிளா கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெயரை அடித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் திறந்தது. பரண் இருந்தது. குனிந்து மீன் பரப்பும் லூசியாவின் முதுகு இருந்தது. நூல் சுற்றிய பிடியுள்ள டிலோஜினியின் கத்தியும் இருந்தது. கீழே இருந்த தொலைபேசி இலக்கம் மட்டும் அவர்களுடையதல்ல.

"பாருங்கோ லூசியாக்கா, முதுகு உங்கட, வியாபாரம் வேற ஆற்றையோ," என்றாள் பிரேமிளா.

டிலோஜினி உப்புச் சட்டிக்குள் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

மறுநாள் லூசியாவும் பிரேமிளாவும் டிலோஜினியும் மன்னார் பட்டினத்துக்குப் போனார்கள். பைக்கற் லேபிள்களை அச்சடித்துக் கொடுத்தது பஸ் நிலையத்துக்குக் கிட்ட கொமினிகேஷன் என்ற தொலைபேசி, அச்சுக் கடை வைத்திருக்கும் ஹலீம். அவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"உங்கட பக்கம் அப்பிடியேதான் இருக்கு. ஆனா அதைத் தேடுற பேர், அந்த யூசர் நேம், மாறியிருக்கு. பழைய பேரைக் கழற்றிப்போட்டு ஆரோ புதுசு போட்டிருக்கிறீங்கள். கழற்றின பேர் சும்மா கிடந்திருக்கு. ஒருத்தன் எடுத்திட்டான்."

"நான்தான் மாத்தினனான்," என்றாள் டிலோஜினி. "மாசியில என்ர முறை வந்தது. பரணுக்குப் பின்னால என்ர பேரையும் சேர்த்துப் போட்டனான்."

ஹலீம் விளங்காமல் பார்த்தார். லூசியா விளக்க வேண்டியிருந்தது. கரைவலைக்காரர்கள் ஒரே பாட்டில், அதாவது வலை போடும் ஒரே இடத்தில், முறை வைத்து வலை இழுப்பார்கள். யாருடைய முறையோ அவர் தன் கொடியைக் கரையில் நடுவார். முறை முடிந்தால் பிடுங்குவார். சங்கத்துப் பெண்களும் முகநூல் பக்கத்தை அப்படியே முறை வைத்துத்தான் பார்த்தார்கள். மாதத்துக்கு ஒருத்தியிடம் கைபேசி போகும். படம் போடுவது, ஓடர் எடுப்பது, பதில் எழுதுவது எல்லாம் அவள் பொறுப்பு. தன் முறையில் தன் பேரையும் போட்டுக்கொண்ட முதல் ஆள் டிலோஜினி. அது பிழை என்று அப்போது ஒருத்தியும் சொல்லவில்லை. அடுத்து வந்தவர்களும் அதைத் திருப்பி மாற்றவில்லை.

"கொடியைப் பிடுங்கினாலும் பாடு எங்கட பாடுதானே?" என்று கேட்டாள் பிரேமிளா. "வேற ஊரான் வந்து வலை போடுவானோ?"

"இது கடற்கரை இல்லை அக்கா. விட்ட இடத்தில ஆரும் நடலாம்," என்றார் ஹலீம். "ஆனா உங்களிட்ட ட்ரேட் மார்க் சேட்டிபிக்கட் இருக்கெல்லோ? அதைக் காட்டிக் கேப்பம்."

டிலோஜினியின் கணக்கிலிருந்தே பேஸ்புக்குக்கு முறைப்பாடு போனது. பதில் வர நாளாயிற்று. அதற்குள் மண் கருவாட்டின் கதை பரவிவிட்டது. கண்டியில் இருந்த கடைக்காரர் இனி அனுப்பவேண்டாம் என்றார். அச்சடித்து வைத்திருந்த லேபிள் கட்டுகள் கொட்டிலின் மூலையில் கிடந்தன. அவற்றை ஒட்டினால் வாங்குபவர்கள் அந்தக் கள்ளனிடமே போவார்கள். ஒட்டாவிட்டால் யாருடைய கருவாடு என்று தெரியாது. காய்ந்த மீனைப் பெயரில்லாத சாக்கில் கட்டி, முன்புபோல் லொறிக்காரனுக்கே கொடுத்தார்கள். அவன் சொன்னதுதான் விலை.

"கொடி நட்டவ வாறா," என்று ஒருத்தி ஒருநாள் சொன்னாள். டிலோஜினிக்குக் கேட்டது. அவள் பரணின் மறுகரைக்குப் போய் நெத்தலியைப் புரட்டினாள். அடுத்து அவளுடைய முறை வரவிருந்தது. தனக்கு வேண்டாம், பிரேமிளா பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

பதில் வந்தது. சான்றிதழ் சங்கத்தின் பேரில் இருக்கிறது, கேட்பது தனியாள், ஆகவே முடியாது என்றது.

லூசியா அன்று பின்னேரமே எல்லோரையும் கொட்டிலுக்குக் கூப்பிட்டாள்.

"ஆறு பேரும் கையெழுத்து வைக்கவேணும். இவவின்ர பிழைக்கு நான் ஏன் வைக்கிறது எண்டு ஆரும் நினைச்சால் இப்பவே சொல்லுங்கோ."

ஒருத்தி வாய் திறந்தாள். லூசியா விடவில்லை.

"இவ போட்ட வீடியோவைப் பாத்துத்தான் கண்டிக்காரன் முதல்ல எடுத்தவன். அப்ப ஆரும் இவவின்ர பேரைச் சொல்லேல்லை."

"எனக்காகக் கதைக்காதேங்கோ மச்சாள்," என்றாள் டிலோஜினி. "பிழை என்ரதான். பேர் திரும்பி வந்தாக் காணும், எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

பிரேமிளா முதலில் வைத்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வைத்தார்கள். கட்டைவிரலில் கத்தி பட்டிருந்த ஒருத்தி பேனையை விரல்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு எழுதினாள். ஹலீம் சங்கத்தின் பேரில் புதிய கணக்குத் திறந்து, எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினார்.

சோளகக் காற்று உரத்து மணல் பறக்கும் காலம் அது. பரணில் கிடந்த மீன்களுக்குமேல் இரண்டாவது வலை போர்த்திக்கொண்டிருந்தபோது ஹலீம் கூப்பிட்டார்.

"அக்கா, அவன்ர பக்கத்தைத் தூக்கிட்டாங்கள். பேர் விடுபட்டிட்டு. உடன உங்கட பக்கத்தில போட்டிட்டன். மற்ற ஆப்புகளிலயும் அதே பேரை எடுத்து வைச்சிருக்கிறன். இனித் தயவுசெய்து ஒருத்தரும் கொடி பிடுங்காதேங்கோ."

பிரேமிளா வலையின் முனையை விட்டுவிட்டுக் கைதட்டினாள். காற்று வலையைத் தூக்கியது. மூன்று பேர் ஓடிப் பிடிக்கவேண்டியதாயிற்று. "பேர் வந்திட்டெண்டு மீனை விடாதையடி!" என்று லூசியா கத்தினாள். கத்தும்போதே சிரித்தாள்.

வலையைக் கட்டி முடித்தபின் கைபேசியை எடுத்து டிலோஜினியிடம் நீட்டினாள்.

"உன்ர முறை நிக்குது. பிடி."

டிலோஜினி கையைச் சேலையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு வாங்கினாள். பழைய பெயர் பழைய இடத்தில் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்திகள் விழத் தொடங்கின. முதலாவது ஹற்றனில் இருந்து. பாலம்மா என்ற பெண். போன மாதம் காசு போட்டேன், கருவாடு வரவேயில்லை, தோட்டத்தில் கொழுந்தெடுத்த காசு, உங்களை நம்பித்தான் போட்டேன் என்று எழுதியிருந்தாள்.

எல்லோரும் கொட்டிலுக்குள் வந்து இருந்ததும் டிலோஜினி அதை உரக்க வாசித்தாள்.

"அந்தக் காசு எங்களுக்கு வரேல்லை எண்டு எழுது," என்றாள் ஒருத்தி.

"எழுதலாம்," என்றாள் டிலோஜினி. "ஆனா அவ எங்கட பேரைப் பாத்துத்தானே போட்டவ."

"அந்தக் கள்ளன் எங்க?"

"ஆருக்குத் தெரியும். வேற ஆற்றையும் பேர் தேடிக்கொண்டிருப்பான்."

லூசியா எழுந்து மூலையில் கிடந்த லேபிள் கட்டை எடுத்து, மேலே படிந்திருந்த மணலை ஊதித் தட்டினாள். பரணில் இருந்து நன்றாகக் காய்ந்த கட்டாத் துண்டுகளைப் பார்த்துப் பொறுக்கினாள். டிலோஜினி அவற்றைப் பாலம்மாவுக்கென்று தராசில் வைத்து, ஒரு துண்டு கூடப் போட்டு, பையைக் கட்டி, பெயரை நடுவில் ஒட்டி உள்ளங்கையால் அழுத்தினாள். பலகையின் ஓரத்தில் கைபேசி மறுபடி ஒளிர்ந்தது. அணையுமுன் இன்னுமொருமுறை ஒளிர்ந்தது. மற்ற நால்வரும் கதைக்காமல் ஆளுக்கொரு பை எடுத்து வாயைப் பிரித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்கள்.