ஒரு பிறப்புப் பதிவில் இரண்டு பேர்

பதிவறை உத்தியோகத்தர் ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். பிறகு அதே தாளை நான் தொட வேண்டியிருந்தது. ஐம்பது வருடத்து எச்சில் அந்த ஓரங்களில் காய்ந்து கிடந்தது. மூலைகள் பழுப்பாகித் தோல்போலத் தடித்திருந்தன. ஒரு புத்தகத்தின் நடுவில் பல்லி ஒன்று தட்டையாகி ஒட்டியிருந்தது. அதன் வயிறு படிந்த இடத்தில் யாரோ ஒரு குழந்தையின் தகப்பன் பெயர் கரைந்துபோயிருந்தது.

என்னை அங்கே அனுப்பியவர் இன்னாசிப்பிள்ளை மாமா, அம்மாவின் அண்ணன். கல்லறைத் திருநாளுக்கு அவருடைய மகன் றொபி இத்தாலியிலிருந்து வருகிறான் என்றும், அதற்குள் குடும்ப வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாக அடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"படிச்ச பிள்ள நீதானே. எங்க எங்க பதிவு கிடக்குதோ எல்லாத்தையும் தேடி எடு. பிறப்பு, இறப்பு, கலியாணம், எல்லாம்."

இரசாயனவியலில் பட்டம் எடுத்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தேன். நேர்முகத் தேர்வுகளில் எனக்கு வாய் வராது. இந்த வேலைக்கு வாய் தேவையில்லை. பெயர், ஊர், ஏறக்குறைய வருடம் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தால் புத்தகம் வந்தது. குறிஞ்சிப்பிட்டியிலிருந்து காலை பஸ்ஸில் புத்தளம் போய், பின்னேரம் திரும்பினேன். மூன்று கிழமைகளில் நாற்பத்தொரு பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். பரம்பரையியல் பாடத்தில் படித்த மாதிரியே வரைந்தேன். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு சாய்கோடு.

மதலேனம்மா பெரியம்மாவின் வட்டத்தில் சாய்கோடு போட்டிருந்தேன். அவர் போன வருடம் இறந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். அவருக்கு ஒரே மகள், பிலோமினா அக்கா. அக்காவின் பிறப்புப் பதிவு சுலபமாகக் கிடைத்தது. 1969 மார்ச் 4, தகப்பன் சூசைதாசன், தாய் மதலேனம்மா.

இரண்டு நாள் கழித்து, அம்மாவின் தாத்தாவைத் தேடி இறப்புப் புத்தகத்தைப் புரட்டியபோது அதே பெயரைப் பார்த்தேன். பிலோமினா, பெண், வயது ஐந்து மாதம் பதினைந்து நாள், தகப்பன் சூசைதாசன், தாய் மதலேனம்மா. இறந்த திகதி 1969 ஓகஸ்ட் 19. காரணம் வயிற்றோட்டம்.

பிலோமினா அக்கா அன்று காலை எங்கள் வீட்டுப் படலையில் நின்று அம்மாவுக்குக் கட்டாக் கருவாடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெயர் பவுலினா. நான் அவருடைய நாற்பத்தோராவது வயதில் பிறந்தவள். பழைய கதை கேட்டால் எரிந்து விழுவார். அன்று சிரித்தார்.

"அது மூத்தது. செத்துப்போச்சு. அடுத்த வருசம் இவ பிறந்தா. புனித பிலோமினம்மாவுக்கு நேர்ந்த பேர், வேற பேர் வைக்கேலாது எண்டு அதே பேரை வச்சிட்டினம்."

"அப்ப இவவின்ர பிறப்புப் பதிவு எங்க?"

"ஆர் பதிஞ்சது? அந்தப் பேரில ஒரு பத்திரம் பெட்டிக்குள்ள கிடக்கேக்க இன்னொண்டு எடுக்கப் புத்தளத்துக்குப் போவினமோ? அதைக் காட்டித்தான் பள்ளிக்கூடம் சேர்த்தது. அடையாள அட்டையும் அதிலதான். வகுப்பில எல்லாரிலயும் கட்டை இவதான். ஒண்டே முக்கால் வயசு குறைவு, பாவம்."

இறந்த குழந்தையின் பத்திரத்தில் ஒரு பெண் ஐம்பது வருடமாக வாழ்ந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கணக்கில் வராத ஒரு அளவீட்டுக்கு விளக்கம் கிடைத்தால் வரும் சந்தோஷம். மதலேனம்மாவின் கீழ் இரண்டு வட்டங்கள் வரைந்தேன். முதலாவதில் சாய்கோடு. இரண்டாவது வெறும் வட்டம்.

அடுத்த நாள் அதை மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் நண்டுக்கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல ஒரு காலை ஒடித்து வாயில் வைத்து உறிஞ்சினார். இறந்த குழந்தையின் வயதைச் சொன்னபோது பல்லால் நண்டின் ஓட்டைக் கடித்து உடைத்தார். குழம்பு மணிக்கட்டால் வழிந்தது. அதை நக்கினார்.

"பதிவில செத்ததெண்டு இருக்கா?"

"ஓம் மாமா."

"மற்றதுக்குப் பதிவே இல்ல?"

"இல்ல."

"நல்லாத் தேடினியா?"

"எழுபத்திரண்டு வரைக்கும் பாத்தன்."

"கெட்டிக்காரி," என்றார். "ரெண்டுக்கும் உறுதிப்படுத்தின பிரதி எடுத்து வா. புத்தகத்தில போடுவம்."

எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். வரைபடத்தையும் கொடுத்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. றொபி வரவில்லை. புத்தகமும் அடிக்கப்படவில்லை. நவம்பர் நடுவில் பிலோமினா அக்கா ஒரு கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவரைக் கண்டதும் குசினிக்குள் போனார். அக்கா கதிரையில் உட்காரவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"வாசி தங்கச்சி. எனக்கு விளங்குதுதான். ஆனாலும் நீ வாசி."

ஒரு சட்டத்தரணியின் கடிதம். களப்பு ஓரத்து வளவும் வீடும் காலஞ்சென்ற மதலேனம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்தவை. அவர் பிள்ளையின்றி இறந்தார். ஒரே பிள்ளை 1969இல் இறந்தது. எனவே சகோதரர்களே உரித்துடையவர்கள். தன்னை மகள் என்று சொல்லிக்கொண்டு அங்கே குடியிருப்பவர் ஒரு மாதத்துக்குள் எழும்ப வேண்டும். தவறினால் வழக்கு.

பின்னால் ஒரு வம்சாவழி வரைபடம் இணைக்கப்பட்டிருந்தது. சதுரங்கள், வட்டங்கள், சாய்கோடுகள். நான் வரைந்தது. மதலேனம்மாவின் கீழ் ஒரே ஒரு வட்டம் இருந்தது. அதில் சாய்கோடு இருந்தது. மற்ற வட்டம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அக்கா போய்விட்டார்.

அந்த வளவு ஏன் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். காற்றுக்காலத்தில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு களப்பில் சறுக்க வருகிறார்கள். கரையோரக் காணி எல்லாம் ஹோட்டல்காரர் கேட்கிறார்கள். அக்கா கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். கருவாடு காயவைக்க அவருக்கு வேறு இடம் இல்லை.

மாமாவின் வீட்டுக்குப் போனேன். அவர் ஈர்க்கால் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, பிலோமினா அக்கா பெரியம்மாவின்ர மகள்தானே."

"நான் இல்லையெண்டு சொன்னனானே?"

"கடிதத்தில..."

"கடிதம் நான் எழுதேல்ல. நீ எடுத்துத் தந்த கடுதாசிதான் கதைக்குது." ஈர்க்கின் நுனியில் வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்ப வாய்க்குள் வைத்தார். "சட்டத்தில அவ இல்லப் பிள்ள. நான் என்ன செய்ய? நீயே சொல்லு, பதிவு இருக்கா?"

அவர் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் அதைக் குடித்தேன். குடித்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மரபணுச் சோதனை என்று யோசித்தேன். அதற்கு மாமாவோ அம்மாவோ மாதிரி கொடுக்க வேண்டும். மாமா கொடுக்கமாட்டார். அக்காவைக் கண்டதும் குசினிக்குள் போன அம்மாவும் கொடுப்பார் என்று தோன்றவில்லை. பெரியம்மா மண்ணுக்குள் இருக்கிறார்.

பிறகுதான் கோயில் புத்தகம் ஞாபகம் வந்தது. அதையும் தேடச் சொல்லித்தான் மாமா தொடங்கினார். அக்காவைப் பற்றிச் சொன்ன பிறகு கோயிலுக்குப் போகத் தேவையில்லை என்றார். அரசாங்கப் பதிவு கிடைத்த பிறகு எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

ஃபாதர் பீடத்துக்குப் பின்னறையான சக்கிறிஸ்தியிலிருந்த அலுமாரியைத் திறந்துவிட்டார். பழைய ஞானஸ்நானப் புத்தகங்களில் கரப்பான் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. 1970ஆம் ஆண்டுப் பக்கங்களை அடிமட்டத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். டிசம்பர் 20. பிலோமினா. பிறந்தது நவம்பர் 29. தகப்பன் சூசைதாசன், தாய் மதலேனம்மா.

எங்கள் பங்கில் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் கையெழுத்து வைப்பது வழக்கம். ஞானத்தகப்பன் சூசைதாசனின் தம்பி. சூசைதாசனைப் போலவே அவரும் கடலில் போய்விட்டார். ஞானத்தாயின் இடத்தில், கோடு போட்ட கொப்பியில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, 'பவுலினா' என்று இருந்தது. அப்போது அம்மாவுக்குப் பதின்மூன்று வயது. பாவன்னாவின் கடைசிக் கோட்டை மேலே இழுத்துச் சுழித்திருந்தார். எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லில் இன்றும் அப்படித்தான் சுழிக்கிறார்.

ஃபாதரிடம் உறுதிப்படுத்திய பிரதி வாங்கினேன். "இதை வச்சுப் பிந்திய பதிவு செய்யலாம் மகள்," என்றார். "ஆனால் எதிர்த்து வழக்குப் போட்டா, பிள்ளையை அறிஞ்ச ஒராள் நேரில வந்து சொல்லவேணும். உங்கட அம்மா இருக்கிறாதானே. பிறகென்ன."

அம்மா நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். பிரதியையும் நான் படம் பிடித்திருந்த பக்கத்தையும் காட்டினேன். ஃபோனை வாங்கவில்லை. கண்ணைச் சுருக்கி எட்ட இருந்தே பார்த்தார்.

"நீங்கதான் ஞானத்தாய்."

"அது என்ர கையெழுத்தில்ல."

"அம்மா."

"பவுலினா எண்டு ஊரில எத்தின பேர்." ஒரு நெத்தலியின் தலையைக் கிள்ளினார். குடல் விரலில் ஒட்டியது. சட்டியின் விளிம்பில் தேய்த்தார். "நீ இதுக்குள்ள போகாத."

"நீங்கதானே எனக்கு அந்தக் கதையைச் சொன்னீங்க. சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்க."

"சொன்னன். அப்ப அண்ணன் ஒண்டும் கதைக்கேல்ல."

"பிறகு கதைச்சவரா?"

அம்மா அடுத்த நெத்தலியை எடுத்தார்.

"அப்பா என்ர அக்காவுக்குக் களப்பு வளவைக் குடுத்தார்," என்றார். "மூத்தவள் எண்டு. எனக்கு என்ன குடுத்தார்? ஒரு காப்பு. நான் இவ்வளவு காலமும் உன்ர அப்பன்ர தாயின்ர வீட்டில இருந்து ஏச்சு வாங்கினன். உனக்கு இருபத்தைஞ்சு வயசு. வீடில்லாத பெட்டையை ஆர் கேட்டு வருவான்? உன்ர பட்டத்தைக் கொண்டுபோய்க் கூரை போடுவியா? அண்ணன் பாதி தாறனெண்டு சொன்னார்."

"அக்கா எங்க போறது?"

"அவ தனி ஆள். எங்கயும் இருப்பா."

"நீங்க தூக்கிக்கொண்டு நிண்ட பிள்ள."

"அது என்ர கையெழுத்தில்ல எண்டு சொன்னன்," என்றார் அம்மா. சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அன்றைய நெத்தலிச் சொதியை நான் சாப்பிடவில்லை. எனக்கு ஒரு வீடு வருமென்றுதான் இவ்வளவும். என் மேலேயே மீன் வாடை வீசுவதுபோல இருந்தது. இரண்டு தடவை குளித்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்காவின் வளவுக்குப் போனேன். காற்று பலமாக அடித்தது. தட்டிகளில் பரவியிருந்த கருவாட்டுக்கு மேல் வலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"செத்த வீட்டுக்கு வாறாக்கள் கறுப்பெல்லோ உடுத்து வரவேணும்," என்றார். "சரி, வந்தனி வந்திட்ட. ஒரு செபம் சொல்லிட்டுப் போ."

பிரதியை நீட்டினேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். மெதுவாக வாசித்தார். நவம்பர் 29 என்ற இடத்தில் நின்றார்.

"அப்ப எனக்கு ஐம்பத்துமூண்டு முடியேல்ல," என்றார். "சும்மா கிழவியாக்கி வச்சிருந்தினம்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"நீதானே தேடி எடுத்துக் குடுத்த."

"ஓம்."

"ஆரும் காசு தந்தவையா?"

"இல்ல. புத்தகம் அடிக்கப் போறம் எண்டு..."

"பைத்தியம்." பிரதியை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். "சின்னம்மா என்ன சொன்னா? அவதான் என்னைப் பிடிச்சது. தண்ணி ஊத்தேக்க நான் கத்தின கத்தில தன்ர கையில இருந்து விழப்பாத்தனெண்டு வருசா வருசம் சொல்லுவா."

"தன்ர கையெழுத்தில்லையாம்."

அக்கா திரும்பி மணலில் துப்பினார். வலையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இந்தக் கடுதாசியை வச்சுக்கொண்டு லோயரிட்டப் போவன். ஃபாதரும் எழுதித் தருவார். ஆனா கோட்டில ஒராள் நிக்கவேணும். நீ நிப்பியா? உன்ர அம்மா பாத்துக்கொண்டிருக்கேக்க, மாமா பாத்துக்கொண்டிருக்கேக்க?"

"நிப்பன்."

"காத்தடிக்குது. கேக்கேல்ல."

"நிப்பன் அக்கா."

"நிண்டு என்னத்தைச் சொல்லுவ?"

"நான் கீறின படத்தில ரெண்டு பிள்ள இருந்தது எண்டு. மாமா ஒண்டை அழிச்சுப்போட்டார் எண்டு." வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். "அது அம்மாவின்ர கையெழுத்து எண்டு. அம்மா பொய் சொல்லுறா எண்டு."

"இன்னும் பலத்துச் சொல்லு. அங்க ஆக்கள் கனக்க இருப்பினம்."

சொன்னேன். பக்கத்து வளவில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இருவர் தலையை நிமிர்த்தினார்கள். அவர்களில் ஒருவர் மாமாவின் படகில் போகிறவர். நான் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே அது மாமாவின் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"திருப்பி," என்றார் அக்கா.

அவர்கள் பக்கம் திரும்பி நின்று, முதலிலிருந்து திருப்பிச் சொன்னேன்.