வீராசாமி போட்ட கல்

"ஏய், நிறுத்துய்யா! நிறுத்து!"

திருப்பதி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த சித்தூர் பஸ்ஸுக்குக் குறுக்கே தாட்சாயணி பாய்ந்தாள். கக்கத்தில் ஃபைல். பின்னால், கோணி சுற்றிய கிரானைட் கல்லைத் தோளில் சுமந்தபடி மூச்சிரைக்க ஒரு கூலி ஆள்.

டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு அவள் வம்சத்தைத் தெலுங்கில் விசாரித்தான். கண்டக்டர் கல்லைத் தட்டிப் பார்த்தான்.

"என்னாம்மா இது, அம்மிக்கல்லா? லக்கேஜ் டிக்கெட் போடணும்."

"எத்தினி வேணா போடு. நாலு மணிக்குள்ள சித்தூர்ல எறக்கி வுடு, அது போதும்."

நாலு மணிக்கு டெல்லியில் தேர்தல் தேதி அறிவிக்கப் போகிறார்கள். அறிவித்த நிமிஷம் எலெக்‌ஷன் கோடு. புதிதாக எந்த வேலையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்த வேலை என்றால் நடத்தலாம். ஆகவே நாலு மணிக்குள் பொக்லைன் ஒரு வாளி மண்ணாவது அள்ளியாக வேண்டும்.

தாட்சாயணி சித்தூரில் ஒரு வார்டு கவுன்சிலர். நகரியில் விசைத்தறி ஓடாமல் போனபோது பிழைப்புத் தேடி வந்த குடும்பம். பெண்கள் வார்டு என்று அறிவித்ததால் நின்றாள், ஜெயித்தாள். அடுத்த முறை சுழற்சியில் வார்டு வேறு யாருக்கோ போய்விடும். பாலம் கட்ட அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரு பதவிக்காலம்தான். அதுவும் முடியப் போகிறது.

பெரிய பாலம் ஒன்றும் இல்லை. தெரு முனைக் கால்வாய்க்கு மேல் ஒரு ஆட்டோ போகிற அளவுக்கு ஒன்று. இப்போது அங்கே கிடப்பது ஒற்றைப் பலகைக் கல். டீக்கடை வீராசாமி போட்டது. நடந்து போகலாம், சைக்கிளைத் தள்ளலாம், அவ்வளவுதான். போன ஐப்பசி மழையில் அதுவும் முழுகிவிட்டது. அதே தெரு வெங்கடம்மாவின் மருமகளுக்கு அன்றைக்குத்தான் வலி எடுத்தது. இடுப்பளவுத் தண்ணீரில் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அந்தக் கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தவள் தாட்சாயணி.

மறு வாரமே கவுன்சிலில் தீர்மானம் போட வைத்தாள். எஸ்டிமேட் போட்டு, தொழில்நுட்ப அனுமதிக்காகத் திருப்பதியில் பெரிய இன்ஜினீயரிடம் அனுப்பினார்கள். சிமென்ட் விலை போன வருஷத்து விலை என்று திரும்பி வந்தது. விலையைத் திருத்தி அனுப்பினால், வரைபடத்தில் வடக்கு எது என்று காட்டவில்லை என்று வந்தது. வடக்கைக் காட்டினால், அதற்குள் சிமென்ட் விலை மறுபடி மாறியிருந்தது.

அடிக்கல் கதை தனி. முதல் கல்லில் எம்.எல்.சி. பெயர் ஒரு வரி கீழே போய்விட்டது. புரோட்டோகால் தப்பு என்று அவருடைய ஆட்கள் உடைத்தார்கள். இரண்டாவது கல்லில் எம்.எல்.ஏ.வின் இனிஷியல் விட்டுப்போனது. மூன்றாவதுக்குச் சித்தூரில் ஆளே இல்லை. கல் செதுக்குகிறவன் எல்லாம் பெங்களூரில் ஐ.டி. கம்பெனிகளுக்குத் தரை பதிக்கப் போய்விட்டான். அதனால்தான் இன்று அனுமதியும் கல்லும் சேர்ந்தே திருப்பதியிலிருந்து பஸ் ஏறின.

பாகாலா தாண்டும்போது செல்போன் அடித்தது. நகராட்சியின் இளம் இன்ஜினீயர் ஹரிபாபு.

"மேடம், ஒரு பிராப்ளம்."

"கல்லுல பேரு மறுபடி மாத்தணுமா? தலைய செவுத்துல முட்டிக்கினு செத்துடுவேன் ஹரிபாபு."

"அது இல்லை மேடம். பொக்லைன் வந்துடுச்சு. ஆனா அந்த வீராசாமி கல்லு மேல சட்டமா உக்காந்துகினு நகர மாட்டேன்றார்."

தாட்சாயணி பல்லைக் கடித்தாள். இந்த மனிதர் முதல் நாளிலிருந்தே முட்டுக்கட்டை. வார்டு கூட்டத்தில் எழுந்து, 'பாலம் வாணாம், கல்லே போதும்' என்றவர். அளவெடுக்க வந்தவர்களிடம் இடத்தை நாலு வீடு தள்ளிக் காட்டியவர். கல்லின் ஓரத்தில்தான் அவர் டீக்கடை. பாலம் வந்தால் கடை போகும். வேறு என்ன?

அவள் போய் இறங்கியபோது தெருவே கால்வாயோரம் நின்றிருந்தது. பொக்லைன் டிரைவர் ரமணா இன்ஜினை உறுமவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வீராசாமி, வேட்டியை மடித்துக் கட்டி, பலகைக் கல்லின் நடுவே சம்மணம் போட்டிருந்தார்.

"ரமணா, பக்கத்துல தோண்டு!" என்றாள் தாட்சாயணி.

"எனக்கென்னாக்கா, காட்ற எடத்துல தோண்டுவேன். சாரு ஊம்னு சொல்லணும்."

ஹரிபாபு கையைப் பிசைந்தான். "எம்.எல்.ஏ. வராம மண்ணைத் தொட்டா என் வேலை போயிடும் மேடம். புரோட்டோகால். வந்துகினே இருக்கார்."

"காலையிலேர்ந்து வந்துகினே இருக்காரு! எங்கேர்ந்து வராரு, காசியிலேர்ந்தா?"

கூட்டம் சிரித்தது. தாட்சாயணிக்குச் சிரிப்பு வரவில்லை. கோணியைப் பிரித்து, பளபளக்கும் கல்லைச் செங்கல் மேல் நிறுத்தினாள். பூமாலை வாடிக் கிடந்தது. தேங்காய் மேல் ஈ உட்கார்ந்திருந்தது. தூரத்தில் ஒரு ஹாரன் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். பால் வண்டி.

டீக்கடையின் சின்ன டி.வி.யில் திடீரென்று மூன்று அதிகாரிகள் மேஜைக்குப் பின்னால் தோன்றினார்கள். ஒருவர் தேதிகளைப் படிக்க ஆரம்பித்தார்.

அதே நொடியில் ஹரிபாபுவின் போன் அலறியது. எடுத்தான். கேட்டான். வைத்தான்.

"எம்.எல்.ஏ. பாதி வழியில திரும்பிட்டார் மேடம். கோடு வந்துடுச்சு. இனிமே முடியாது." ஃபைலை மூடினான். "எலெக்‌ஷன் முடியட்டும். திரும்ப எஸ்டிமேட் போட்டு..."

"அதுக்குள்ள சிமென்ட் வெலை மாறிடும். என் பதவியும் முடிஞ்சிடும். மழை மட்டும் கரெக்டா வந்துடும்."

"நான் என்ன செய்யட்டும் மேடம்? இங்க ஏற்கெனவே வேலை ஆரம்பிச்சிருந்தா கண்ணை மூடிக்கினு தோண்டச் சொல்லுவேன். ஒரு கல்லு கூட வைக்கலையே!"

தாட்சாயணி வீராசாமியின் பக்கம் திரும்பினாள். ஒரு வருஷத்து ஆத்திரமும் அவர் தலையில் விழுந்தது.

"சந்தோசமாண்ணா? உன் டீக்கடை பொழைச்சிடுச்சு, சந்தோசமா? அன்னிக்கிக் கட்டிலு ஒரு காலு என் கையில, இன்னொரு காலு உன் கையில. அந்தப் புள்ள மூஞ்சைப் பாத்த இல்ல? பாத்துட்டும் எப்பிடிண்ணா இந்தக் கல்லு மேல உக்கார மனசு வந்துது?"

வெங்கடம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீராசாமி கல்லில் கையை ஊன்றினார். பிறகு எழுந்தார். ஹரிபாபுவிடம்தான் கேட்டார்.

"சார், ஆரம்பிச்ச வேலைன்னா மெய்யாலுமே தடுக்க மாட்டியா?"

"மாட்டேன். ஆனா ஆரம்பிச்சதே இல்லையே?"

வீராசாமி கல்லைவிட்டுக் கரையில் இறங்கினார். "ரமணா, இதைத் தூக்கு. ஒடைச்சிடாத. பொரட்டிப் போடு."

வாளியின் பற்கள் கல்லின் அடியில் நுழைந்தன. ஆள் உயரக் கல் சேறு சொட்ட எழும்பியது. அதன் கீழே, இரண்டு கரையிலும், பாசி பிடித்த கருங்கல் சுவர்கள். சிமென்ட் பூசி, மட்டம் வைத்துக் கட்டிய சுவர்கள். பாதியில் நின்றவை.

"இதெல்லாம் நீ கட்னதாண்ணா?" என்றாள் தாட்சாயணி.

"எனக்கேது அவ்ளோ காசு? குடிபாலாவிலேர்ந்து நான் வந்தப்போ காண்ட்ராக்டர் கட்டிக்கினு இருந்தான். பில்லு நிக்குதுன்னு வுட்டுட்டு ஓடிட்டான். கரையில நட்டிருந்த இந்தக் கல்லு காத்துல சாஞ்சிடுச்சு. நாங்க மூணு பேரு உருட்டிப் போட்டோம். அவங்க ரெண்டு பேரும் பெங்களூரு போயிட்டாங்கோ. அப்பறம் குடிவந்தவங்கல்லாம் வீராசாமி போட்ட கல்லுன்னாங்கோ. நானும் சும்மா இருந்துட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன? எதுக்கு இத்தினி நாளு என்னைப் போட்டு உருட்டின?"

வீராசாமி கல்லைக் காட்டினார்.

ரமணா அதைக் கரையில் மல்லாக்கப் போட்டான். தாட்சாயணி தலையில் அடித்துக்கொண்டு ஒரு குடம் தண்ணீரை வாங்கி ஊற்றினாள். சேறு வழிந்து எழுத்துகள் வெளிப்பட்டன. ஹரிபாபு குனிந்து, தெலுங்கில் எழுத்துக்கூட்டினான். கால்வாய்ப் பாலம். அரசுப் பணி. பத்து வருஷத்துக்கு முந்தைய தேதி.

"கவர்ன்மென்ட் வேலைதான் மேடம். ஆரம்பிச்ச வேலைதான்!" அவன் குரல் ஏறி, உடனே இறங்கியது. "ஆனா நாளைக்கு எம்.எல்.ஏ. வந்து, 'என்னைக் கேக்காம எவன்டா தோண்டினது'ன்னா?"

"கேக்க மாட்டாரு," என்றார் வீராசாமி. "கடைசி வரியைப் படி. இதைத் தெருவே மிதிக்கிறது அவரு கண்ணுல பட்டுதுன்னா என் கடையத் தூக்கி வீசிடுவாருன்னுதான் பயந்துக்கினு இருந்தேன். எழுத்து மேல காலு படக் கூடாதுன்னு குப்புறப் போடச் சொன்னது நான்தான்."

ஹரிபாபு கடைசி வரியில் விரலை வைத்தான். அடிக்கல் நாட்டியவர் பெயர். அன்றைக்கு அவர் வேறு கட்சி. மற்றபடி, அதே எம்.எல்.ஏ. இனிஷியல் கூடச் சரியாக இருந்தது.