முழு வேகம்

மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தின் கடைசித் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள் மகள். போனில் ரிப்பேர்க்காரர்.

"விசிறி தெரியுதாம்மா? இறக்கைய விரலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால தட்டுங்க. சும்மா சுத்த விட்டீங்க, போச்சு."

தட்டினாள். கம்பளித் துண்டு மாதிரி தூசி வந்து விழுந்தது.

கட்டிலிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். "அடேயப்பா! என் நெஞ்சுக்குள்ளயும் இப்படித்தான் இருக்கும். முடிச்சிட்டு அந்த பிரஷ்ஷ இங்க குடு." சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரமாயிற்று.

இரும்பு உருக்கும் பட்டறையில் இருபத்தேழு வருடம் உலை முன்னால் நின்றவர். மிச்சமிருந்தது எலும்பும் இளைப்பும். மேலே தகரக் கூரை. வீட்டிலிருந்த ஒரே மேசை விசிறி காலையிலிருந்து கணினியைப் பார்த்தே நின்றது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை அவளுக்கு. சோதனைக் காலத்தின் கடைசி நாள். ஒரு மணிக்குள் அனுப்பாவிட்டால் வேலை இல்லை. கணினியோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொதித்து அணைந்தது.

"உங்க பக்கம் திருப்பட்டுமாப்பா?"

"போடி. உலையவே பாத்தவன் நான். இந்த வெக்கை என்னை என்ன பண்ணிடும்? அந்தப் பொட்டிக்கே வை."

"உள்ள சூட்டை இழுக்கிற பேஸ்ட்டும் காஞ்சிருக்கும், அதுக்கு நேர்ல கொண்டாங்க" என்றார் ரிப்பேர்க்காரர். "இப்போதைக்கு செட்டிங்ல போயி உள் விசிறிய முழு வேகத்துல வைங்க. கத்தும். கத்தினா கத்திட்டுப் போகுது."

கத்தியது, மாவு மில் போல. ஹெட்போனை மாட்டி ஒலியைக் கூட்டிக்கொண்டாள். இரண்டு மணி நேரம், ஒருமுறைகூட அணையவில்லை. நடுவில் குதிகாலில் என்னவோ ஈரம் பட்டது. காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள். குனிந்து பார்க்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அனுப்பினாள். "அப்பா, முடிஞ்சிருச்சு!" என்று திரும்பினாள்.

தம்ளர் தரையில் கிடந்தது. அப்பா கட்டில் விளிம்பு வரை நகர்ந்து வந்திருந்தார். வாய் திறந்திருந்தது. வலது கை அவள் நாற்காலியை நோக்கி நீண்டு தொங்கியது. நடுவே ஒரு சாண் தூரம்.

துணிக்கடையில் கூட்டிப் பெருக்கும் அம்மா ஓடி வந்து சேர அரைமணி ஆயிற்று. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கூப்பிட்டாராடி?"

"இல்லம்மா."

"ஒரு சத்தமும் போடலையா?"

"தூக்கத்துலயே போயிட்டாரும்மா."

அம்மா தரையின் ஈரத்தைப் பார்த்தாள். இன்னும் கத்திக்கொண்டிருந்த கணினியைப் பார்த்தாள். ஹெட்போனையும் பார்த்தாள்.

அப்பாவின் கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தாள். அது வழுக்கி அதே பக்கம் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது.

"நான் கட்டுறதுக்குத் துணி எடுத்தாரேன். அதுவரைக்கும் நீ பிடிச்சுக்க."

மகள் தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். கை இன்னும் சுட்டது.