தோளில் இருந்தவள்

பெரியவள் எழுதிய புத்தகத்தைச் சின்னவள் பத்தொன்பது வருடமாகக் கால்நடை மருத்துவ அலமாரியின் கடைசித் தட்டில்தான் வைத்திருந்தாள். நூலகர் அவள்தான், கேட்பார் யார்? எவராவது வந்து கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து எடுத்துக் கொடுப்பாள். மழைக்காலத்தில் இடது முழங்காலுக்குக் கீழே விண்விண்ணென்று தெறிக்கும். அதற்கும் அக்காவைத்தான் திட்டுவாள்.

அப்படி என்ன புத்தகம் என்றால், அவர்களுடைய அப்பாவைப் பற்றியது. அம்மா சின்னவளைப் பெற்றுப்போட்டதோடு போய்விட்டாள். தனியாளாக இரண்டு பெண்களையும் வளர்த்த அப்பாவும் சின்னவளுக்கு ஆறு வயதாகும்போது போய்ச் சேர்ந்தார்; பிறகு சித்தப்பா வீடுதான். பெரியவளுக்கு அப்போது பதினொன்று. ஆகவே அப்பாவைப் பற்றிய ஞாபகம் மொத்தமும் பெரியவளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. சின்னவளுக்கு ஒரு இருமல் சத்தம்கூட நினைவில்லை.

ஊரே கொண்டாடியது அதில் ஒரு அத்தியாயத்தை. ஒன்பது வயதில் கால் முறிந்த பெரியவளை அப்பா இரண்டு மாதம் தோளில் சுமந்து பள்ளிக்கு நடக்கிறார். தோளிலிருந்து பார்த்தால் ஆட்டோவின் கூரையில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் பூனை குட்டி போட்டிருக்கிறது. அப்பாவின் உச்சந்தலையில் காசளவுக்கு வழுக்கை விழுந்திருக்கிறது. பின்னால், உம்மென்ற முகத்தோடு, இரண்டு பேருடைய பைகளையும் சுமந்துகொண்டு தங்கை வருகிறாள்.

அந்த உம்மணாமூஞ்சிதான் இவள். தன்னை ஒருநாளும் தூக்காத அப்பாவையும், தோளில் ஏறி ஊர்கோலம் போன அக்காவையும் நினைத்தாலே வயிறு எரியும். ஆனால் அந்த அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பாள். எரிச்சலுக்கும் ஒரு தீனி வேண்டுமே.

அந்த வாரம் பெரியவளிடமிருந்து நூலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. புத்தகத்தில் எழுதியது உண்மையில்லை என்று இப்போது தெரிந்துகொண்டதாகவும், பதிப்பைத் திரும்பப் பெறுவதாகவும், நூலகப் பிரதிகளையும் நீக்கிவிடும்படியும் எழுதியிருந்தாள். அதற்குள் செய்தித்தாளில் அவளுடைய நேர்மையைப் பாராட்டிக் கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை. சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினாலும் பேர், எழுதியதை அழித்தாலும் பேர். சிலருக்குத்தான் அப்படி வாய்க்கும்.

இருந்தாலும் நான்கு பிரதிகளையும் எடுத்து மேசைமேல் அடுக்கி, ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையைத் தேடி எடுத்தாள். மூன்றில் ஓங்கிக் குத்தினாள். நெஞ்சு குளிர்ந்தது. நான்காவதைத் திறக்கும்போது, ஒரு நீளமான பழுப்பு உறையுடன் பெரியவளே வந்து எதிரில் நின்றாள்.

உறைக்குள் ஒரு எக்ஸ்ரே படம் இருந்தது. பெரியவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“சித்தப்பா வீட்டைக் காலி பண்றப்போ பரண்ல கெடச்சுது. மூலையில பேரைப் பாரு.”

பேர் சின்னவளுடையது. வயது நான்கு. இடது கால். அவள் கை தன்னால் கீழே போய் முழங்காலைத் தொட்டது.

நாலு வயதுப் பிள்ளை இரண்டு பையை எப்படிச் சுமக்கும் என்று பதிப்பாளர் கேட்கவில்லை, படித்தவர்கள் கேட்கவில்லை. அத்தனை தடவை படித்துப் படித்து வெந்த சின்னவளும் கேட்கவில்லை.

“பின்னாடி வந்தது நான்தான்,” என்றாள் பெரியவள். “அவ்வளவு பொறாமை எனக்கு. உன் இடத்துல என்னை வெச்சு நெனச்சு நெனச்சு, கடைசில அப்படித்தான் நடந்துச்சுன்னு நானே நம்பிட்டேன். வேணும்னு பொய் எழுதலை. ஆனா பொய்னு தெரிஞ்சப்புறம் அதை விட்டுவைக்க மனசு வரலை.”

“அப்ப அந்தச் செருப்பு, பூனைக்குட்டி? கீழேருந்து உனக்கு எப்படித் தெரியும்?”

“தினமும் உன்னைத்தானே கேப்பேன், மேலேருந்து என்ன தெரியுதுன்னு. நீ சொல்லுவே. கேக்கக் கேக்க இன்னும் எரியும். படத்தைப் பார்த்தப்புறம் எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வருது.”

இத்தனை வருடம் தன்மேலேயே பொறாமைப்பட்டிருக்கிறோம் என்று சின்னவளுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை. தோளில் இருந்தவள் தான்தான் என்று தெரிந்தும், ஞாபகம் மட்டும் இன்னமும் அக்காவிடம்தான் இருக்கிறது என்பதுதான் முதலில் உறைத்தது. அதற்கும் வயிறு எரிந்தது.

“இதுல குத்த மாட்டேன்,” என்று நான்காவது பிரதியை மூடினாள். “எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்.”

“யாராவது எடுத்துப் படிச்சா நிஜம்னு நம்பிடுவாங்கடி.”

சின்னவள் அட்டையை ஒருமுறை தடவினாள். பிறகு திறந்து மெதுவாகக் குத்தினாள். நூலகத்திலிருந்து நீக்கிய புத்தகம் எங்கே போகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. அதைத் தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். இனி அந்த அத்தியாயம் வேறு எவர் கைக்கும் போகாது.

மூடும் நேரம் ஆகிவிட்டது. வெளியே தூறல். சின்னவள் எழுந்தபோது இடது கால் லேசாக இழுத்தது. பெரியவள் அதைப் பார்த்துவிட்டு, பழக்கம் விடாதவள்போல் கைப்பைக்குக் கையை நீட்டினாள்.

“குடு, நான் தூக்கிட்டு வரேன்.”

“வேணாங்க்கா,” என்றாள் சின்னவள். “ரெண்டு மாசம் தூக்குனது போதும்.”